டிசம்பர் 15-லிருந்து பின்னோக்கி எண்ணு, மாப்ளே

கோமதிபுரம், மதுரை
மே 10

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. அழகர் மலைக்குத் திரும்பின பிறகுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. இங்கே பத்து மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை, உன்னை விசாரித்துக்கொண்டே இருக்கிறார். தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், கேட்க நிம்மதியாக இருந்தது.

மருமகள் கயல் என்ஜினீயரிங் நுழைவுத் தேர்வான ஜேஇஇ எழுதியே தீருவேன் என்று நிற்கிறாளாமே, ரொம்ப சந்தோஷம். பிளஸ் டூ முழுக்க எப்படிப் படிக்க வைப்பது என்று கேட்டிருக்கிறாய். முதலில் நாட்கணக்கைச் சரி செய்துகொள். அவள் கையில் முழுசாக ஒரு வருடம் இல்லை. ஜேஇஇ மெயின் ஜனவரியில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை நடக்கிறது, இரண்டில் எது நல்ல ஸ்கோரோ அதைத்தான் ரேங்க்குக்கு எடுப்பார்கள். ஜனவரி சுற்று சில வருடமாக 20-ஆம் தேதிக்குப் பிறகுதான் வருகிறது. பிப்ரவரியில் பள்ளியில் பிராக்டிகல், மார்ச்சில் பொதுத்தேர்வு, அது முடிந்து மூச்சு வாங்குவதற்குள் ஏப்ரல் சுற்று. அதனால் டிசம்பர் 15-க்குள் மொத்தப் பாடமும் ஒருமுறை முடிந்திருக்க வேண்டும். இன்றிலிருந்து எண்ணிப் பார், 31 வாரம்தான். பொதுத்தேர்வை மனதில் வைத்துத் திட்டம் போடுகிற வீடுகளில், ஜனவரி வரும்போது கடைசி மூன்று நான்கு பாடம் தொடாமலே கிடக்கும். அப்புறம் அந்தச் சுற்று சும்மா ஒத்திகை மாதிரிப் போய்விடும்.

இன்னொன்று, இந்தத் தேர்வில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடம். நம் பாடத்திட்டத்தில் கணக்குக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும். லிமிட், டிஃபரன்சியேஷன், இன்டக்ரேஷன் அடிப்படை, அணி, வெக்டர், நிகழ்தகவு எல்லாமே பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. பன்னிரண்டில் வருவது அவற்றின் பயன்பாடு. பிளஸ் ஒன் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதே. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கேட்பார்கள், ஆனால் நம் பிள்ளைகள் திட்டவிலக்கம் படித்தது பத்தாம் வகுப்பில். அந்தப் பாடத்தையும் எடுத்து வைக்கச் சொல்.

விடுமுறை மிச்சம் மூன்று வாரம் இருக்கிறது. புதுப்பாடம் எதையும் தொட வேண்டாம். காலையில் கணக்கு: முதலில் முக்கோணவியல், வெக்டர், லிமிட், டிஃபரன்சியேஷன், பிறகு தொடர்கள், ஈருறுப்புத் தேற்றம். மாலையில் இயற்பியல்: இயக்கவியல், நியூட்டன் விதிகள், வேலை-ஆற்றல், சுழற்சி இயக்கம். இந்த வரிசையை மாற்றாதே. வெக்டரும் டிஃபரன்சியேஷனும் கைவராமல் இயற்பியலில் இறங்கினால் ஃபார்முலாவை உருப்போடுவதில்தான் போய் முடியும்.

ஜூனிலிருந்து பள்ளி நடத்துகிற வேகத்திலேயே பிளஸ் டூ பாடம் போகட்டும். அதோடு வாரம் ஒரு பிளஸ் ஒன் பாடம். ஆனால் பள்ளி கடைசியில் தொடுகிற சில பாடங்களை அவளே முன்கூட்டிப் படிக்க வேண்டும். இயற்பியலில் இரட்டைப் பண்பு, அணு, அணுக்கரு, செமிகண்டக்டர் எல்லாம் சின்னப் பாடங்கள், கேள்வி நிச்சயம் வரும், கணக்கும் நேரடியாக இருக்கும். காலாண்டு விடுமுறையில் இவற்றை முடித்துவிடலாம். வேதியியலில் கார்பனைல் சேர்மங்கள், நைட்ரஜன் சேர்மங்கள் இரண்டையும் அக்டோபருக்குள் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

அதே சமயம் எதை விடலாம் என்றும் தெரிய வேண்டும். 2024-இல் பாடத்திட்டத்தைக் குறைத்தார்கள். நம் பிளஸ் டூ வேதியியலில் முதல் பாடமே உலோகவியல். அதுவும் திட நிலைமையும் புறப்பரப்பு வேதியியலும் ஜேஇஇ மெயினில் இப்போது இல்லை. கணக்கில் கடைசியாக வரும் தனிநிலைக் கணிதமும் அப்படித்தான். இவற்றைப் பொதுத்தேர்வுக்குப் படித்தால் போதும். இது தெரியாமல் ஜூன் மாதம் முழுக்க உலோகவியலில் ஜேஇஇ கணக்கு தேடுகிற பிள்ளைகள் உண்டு. இந்தத் தேர்வை நடத்துகிற தேசியத் தேர்வு முகமை வெளியிடும் பாடத்திட்டத்தை அச்சடித்து, நம் புத்தகத்தின் பாட எண்களை அதன் ஓரத்தில் அவள் கையாலேயே எழுதச் சொல். ஒரு மாலை வேலைதான், வருடம் முழுக்க உதவும்.

தினசரி நேரம் பற்றி. காலை 5 முதல் 7 கணக்கு. மாலை வந்து சாப்பிட்டுக் கொஞ்சம் ஆறி, 6.30 முதல் 9.30 இயற்பியலும் வேதியியலும், நடுவில் இருபது நிமிஷம் இடைவெளி. பத்து மணிக்குப் படுத்துவிட வேண்டும், ஏழு மணி நேரம் தூக்கம் குறையக் கூடாது. ஞாயிறு எட்டு மணி நேரம் போதும். சனிக்கிழமை மாலையைக் காலியாக விடு. அதில் எதையும் எழுதாதே. அந்த வாரம் காய்ச்சல், கோயில் கொடை, கல்யாணம், பள்ளி டெஸ்ட் என்று எது விட்டுப்போனதோ அது அங்கே வந்து உட்காரும். மணிக்கு மணி நிரப்பிச் சுவரில் ஒட்டின டைம்டேபிள் இரண்டாவது வாரமே உடைந்துவிடும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டை வேலை, அது முடியாமல் மூன்றாம் நாள் மும்மடங்கு, நாலாம் நாள் பிள்ளை அந்தச் சுவர் பக்கமே திரும்பாது.

காலை இரண்டு மணி நேரத்தில் புதுக்கணக்கு 15, பழைய தப்புக் கணக்கு 5. ஒரு கணக்கில் சிக்கினால் 15 நிமிஷம் போராட வேண்டும். அப்புறம் விடையைப் பார்க்கலாம். பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும், ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு ஏழாம் நாள் மறுபடி போட வேண்டும். வீடியோ பார்ப்பதைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதே. ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால் இரண்டு மணி நேரம் பேனா ஓட வேண்டும். கால்குலேட்டர் தேர்வில் கிடையாது, அதனால் வீட்டிலும் அதைத் தொடவிடாதே. வர்க்கமூலம், பின்னம் எல்லாம் கையாலேயே வரட்டும்.

இதற்கெல்லாம் மேலாக நான் நம்புவது தப்பு நோட்டை, அதாவது செய்த தப்புகளை எழுதி வைக்கிற நோட்டை. நூறு பக்க நோட்டு போதும். பெரும்பாலான பிள்ளைகள் அதில் "கவனக்குறைவு" என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள், அதனால் ஒன்றும் ஆகாது. ஒரு உதாரணம் காட்டுகிறேன். 30 டிகிரி சாய்தளத்தில் 2 கிலோ கட்டை, உராய்வுக் குணகம் 0.7, g-க்கு 10 வைத்துக்கொள், உராய்வு விசை எவ்வளவு? அவசரத்தில் எல்லாரும் 0.7 × 20 × 0.866 என்று போட்டு 12.12 நியூட்டன் என்று எழுதுவார்கள். ஆனால் tan 30 வெறும் 0.577, அது 0.7-ஐவிடக் குறைவு, கட்டை நகரவே இல்லை. நகராத கட்டை மேல் உராய்வு, கீழே இழுக்கிற விசை எவ்வளவோ அவ்வளவுதான்: 20 × 0.5, அதாவது 10 நியூட்டன். 12.12 என்பது அதிகபட்சமாக எவ்வளவு தாங்கும் என்கிற எல்லை. நோட்டில் எழுத வேண்டியது இது: "கட்டை நகர்கிறதா என்று பார்க்காமல் அதிகபட்ச உராய்வைப் போட்டேன். இனி உராய்வு என்று கண்ணில் பட்டதும் முதல் வேலை, tan கோணத்தையும் குணகத்தையும் ஒப்பிடுவது." அடுத்த தடவை எந்த அடையாளத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அதே தப்பு நவம்பரில் திரும்ப வரும்.

தேர்வின் வடிவம் உனக்கும் தெரிந்திருக்கட்டும். மூன்று மணி நேரம், 75 கேள்வி, 300 மதிப்பெண். பாடத்துக்கு 25: இருபது நாலு விடையில் ஒன்றைத் தேர்வது, ஐந்து எண்ணாக விடை போடுவது. முன்பு எண் விடைக் கேள்வியில் பத்துக்கு ஐந்து தேர்ந்தெடுக்கலாம், 2025 முதல் அந்தச் சலுகை இல்லை. பழைய தாளைப் போடும்போது இது ஞாபகம் இருக்கட்டும். சரிக்கு 4, தப்புக்கு 1 கழியும், எண் விடைக்கும் கழியும். கேள்விக்குச் சராசரியாக 2 நிமிஷம் 24 வினாடி. வேதியியலை 45 நிமிஷத்துக்குள் முடித்தால், இயற்பியலுக்கு ஒரு மணி நேரம் போக, மீதி 75 நிமிஷம் கணக்குக்கு. கணக்குதான் நேரத்தைத் தின்னும். கண்ணை மூடிக் குத்தினாலும் நாலில் ஒன்று சரியாகும், 4-இல் 3 போய் 1 மிச்சம் என்று கணக்குச் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அரைகுறையாகத் தெரிந்து குத்தும்போது அந்தக் கணக்கு செல்லாது. தப்பு விடைகள் மூன்றும் மாணவர்கள் வழக்கமாகச் செய்கிற பிழையிலிருந்தே செய்யப்பட்டவை, நம் 12.12 மாதிரி. இரண்டு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் மட்டும் குத்தட்டும். எண் விடையில் குத்தவே வேண்டாம்.

இது கம்ப்யூட்டரில் எழுதுகிற தேர்வு. விடையைச் சொடுக்கிவிட்டு "சேவ் அண்ட் நெக்ஸ்ட்" அழுத்தாமல், வலப்பக்கம் இருக்கிற எண் கட்டத்தைச் சொடுக்கி அடுத்த கேள்விக்குத் தாவினால், அந்த விடை பதிவாகாது. போட்டோம் என்று நம்பிவிட்டு வெளியே வருவார்கள். கட்டம் பச்சையானதா என்று பார்த்துவிட்டு நகரும் பழக்கம் வர வேண்டும். அதற்கு முகமையின் இணையதளத்திலேயே இலவச மாதிரித் தேர்வு இருக்கிறது.

முழுத் தேர்வை ஜூலையிலேயே எழுத வைக்காதே. பாதிப் பாடம் படிக்காமல் எழுதி 60 மதிப்பெண் வாங்கினால் பிள்ளை மனசு விட்டுவிடும், அந்த 60-இலிருந்து தெரிந்துகொள்ளவும் ஒன்றும் இருக்காது. செப்டம்பர் வரை பாடவாரித் தேர்வு. அக்டோபர், நவம்பரில் பாதிப் பாடத் தேர்வு. டிசம்பர் நடுவிலிருந்து முழுத் தேர்வு, பத்துப் பன்னிரண்டு போதும். நிஜத் தேர்வு காலை 9 முதல் 12, பிற்பகல் 3 முதல் 6 என்று இரண்டு வேளையாக நடக்கிறது, வீட்டிலும் அதே நேரத்தில் எழுதட்டும். மூன்று மணி நேரம் எழுதினால் மூன்று மணி நேரம் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய தாள்களைப் பாடவாரியாகப் போடட்டும், ஆனால் கடைசி வருடத்துத் தாள்களில் நாலைந்தைத் தொடாமல் டிசம்பருக்கு ஒதுக்கி வை.

பொங்கலைப் பற்றி முன்கூட்டியே வீட்டில் பேசிவிடு. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் உங்கள் வீட்டில் விருந்தாளி நிறைவார்கள், தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருக்கும். அந்த மூன்று நாள் அவளை இங்கே அனுப்பு, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

திருமங்கலத்திலிருந்து தினமும் மாலை மதுரைக்குக் கோச்சிங் அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி கே.கே.நகர் போய் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போய்விடும், அவள் சொந்தமாகக் கணக்குப் போடும் நேரம்தான் பலி. சனி, ஞாயிறு வகுப்பு மட்டும் இருந்தால் பார்க்கலாம். சந்தேகம் தீர்க்க ஆள், தேர்வு வைக்க ஆள், இந்த இரண்டும் கிடைத்தால் போதும். புதுநத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு மாதம் ஒரு முறை கூட்டி வா, போட்டித் தேர்வுப் புத்தகங்கள் அங்கே இருக்கின்றன, வாங்கும் முன் புரட்டிப் பார்க்கலாம். பாடத்துக்கு என்சிஇஆர்டி புத்தகமும் பயிற்சிக்கு ஒரே ஒரு புத்தகமும் போதும்.

அவள் தமிழ் வழி என்பதால் பயப்படாதே. ஜேஇஇ மெயினைத் தமிழிலேயே எழுதலாம், விண்ணப்பத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி. அதனால் திருப்பு விசை என்றால் டார்க், நிலைமத் திருப்புத்திறன் என்றால் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்று தினம் ஐந்து சொல் எழுதி வரட்டும். ஐஐடிக்காக அடுத்து எழுதுகிற அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான், அந்த நோட்டு அப்போதும் உதவும்.

பொதுத்தேர்வை இளப்பமாக நினைக்க விடாதே. மத்திய அரசு என்ஜினீயரிங் கல்லூரியான என்ஐடியில் சேர பிளஸ் டூவில் 75 விழுக்காடு வேண்டும். அண்ணா பல்கலைக் கவுன்சலிங்கில் கணக்கு நூறு, இயற்பியல், வேதியியல் பாதிப் பாதி என்று 200-க்குக் கட் ஆஃப். கணக்கு 92, இயற்பியல் 88, வேதியியல் 90 என்றால் 92 + 44 + 45, ஆக 181. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் அவளுக்கு உண்டு, திருப்பரங்குன்றம் தியாகராஜர் கல்லூரியே அந்த வழியில் எட்டக்கூடியதுதான். பிப்ரவரி, மார்ச்சில் ஜேஇஇ கணக்கு தினம் அரை மணி நேரம் போதும், கை மறக்காமல் இருக்க. திருச்சி என்ஐடியில் பாதி இடம் நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு என்பதையும் அவளிடம் சொல்.

உனக்கு இரண்டு வேலை. அவளுடைய ஆதார் பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்ப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார். நம் ஊர் இனிஷியல் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் அப்பா பெயராக விரிந்தும் இருக்கும். விண்ணப்பம் அக்டோபர் கடைசி, நவம்பர் வாக்கில் வரும், அதற்குள் திருத்திவிடு. அடுத்தது, கையிலிருக்கும் பிசி சான்றிதழ் மத்திய அரசுக் கல்லூரிக்குச் செல்லாது, ஓபிசி கிரீமி லேயர் (வசதியான பிரிவு) அல்லாதோர் சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவையில் இப்போதே போட்டு வை. கவுன்சலிங்குக்கு அடுத்த ஏப்ரல் 1-க்குப் பிறகு புதிதாக ஒன்று வாங்க வேண்டியிருக்கும்.

அவளுடைய பிளஸ் ஒன் மதிப்பெண்ணையும், எந்தப் பாடம் கஷ்டமாக இருந்தது என்பதையும் அவள் கையால் எழுதி அனுப்பச் சொல். முதல் மூன்று வாரத்துக்கு எந்த நாள் எந்தக் கணக்கு என்று நான் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
பாண்டி