பரிசோதித்த மண்ணைக் கொட்டிவிடாதீர்கள்

தமிழ்நாட்டில் மண் பரிசோதனை நிலையங்களை நடத்துகிற, மண்வள அட்டை அச்சிட்டுக் கொடுக்கிற அலுவலர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். உங்களுடையதைப் போன்ற ஒரு நிலையத்தில் 31 வருடம் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் எழுதுகிறேன். எந்த ஊர், எந்த நிலையம் என்பது இந்த மடலுக்கு வேண்டாம். இதில் குறை என்று எதையாவது சொன்னால் அதில் என் பங்கும் இருக்கிறது.

போன மாதம் பக்கத்து வயல்காரத் தம்பி இரண்டு மண்வள அட்டைகளோடு வீட்டுக்கு வந்தார். முதல் அட்டையில் அங்ககக் கார்பன், அதாவது எருவும் செடியும் மக்கி மண்ணில் சேர்கிற கார்பன், 0.51 சதவீதம், ‘நடுத்தரம்’. மூன்று வருடம் கழித்து வாங்கிய இரண்டாவதில் 0.43, ‘குறைவு’. இந்த மூன்று வருடமும் மனிதர் சும்மா இருக்கவில்லை. ஏக்கருக்கு ஐந்து டன் தொழு உரம் அடித்திருக்கிறார், இரண்டு முறை தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதிருக்கிறார். “ஏண்ணே, எரு போட்டா மண்ணு கெட்டுப்போகுமா?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு நிலையங்களில் போட்டவை. எந்த முறையில் அளந்தார்கள் என்று இரண்டிலுமே இல்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பியூரெட் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிற கண்ணாடிக் குழாய்) பிடித்தவனுக்குத்தான் தெரியும்.

நாம் பயன்படுத்துவது வாக்லி, பிளாக் என்ற இருவர் 1934-இல் வெளியிட்ட முறை. ஒரு கிராம் மண், 10 மில்லி டைகுரோமேட், அதன்மேல் 20 மில்லி அடர் கந்தக அமிலம். குடுவை கையைச் சுடும். அந்தச் சூட்டில்தான் கார்பன் எரிகிறது. அரை மணி நேரம் விட்டு, தண்ணீர் ஊற்றி, மிச்சமிருக்கும் டைகுரோமேட்டை பியூரெட்டிலிருந்து ஃபெரஸ் அமோனியம் சல்ஃபேட் கரைசலை விட்டு அளக்கிறோம். எவ்வளவு டைகுரோமேட் செலவானதோ அதுதான் கார்பனுக்குக் கணக்கு. கருநீலம் சட்டென்று பச்சையாகும் இடத்தில் குழாயை மூட வேண்டும். அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல் அமிலச் சூட்டை மட்டும் நம்புவதால் மண்ணிலுள்ள கார்பன் முழுவதும் எரிவதில்லை, சராசரியாக 77 சதவீதம்தான் பிடிபடும் என்று அவர்களே கணக்கிட்டு, விடையை 1.3 ஆல் பெருக்கச் சொன்னார்கள். சில நிலையங்களில் பெருக்குகிறார்கள், சில நிலையங்களில் பெருக்குவதில்லை. சொட்டு விடாமல், கரைசலின் நிறத்தை அளக்கிற கருவியான நிறமானியில் பார்க்கிற நிலையங்களும் உண்டு.

தம்பியின் அட்டைக்கு வருவோம். முதல் நிலையம் 1.3 ஆல் பெருக்கி, இரண்டாவது நிலையம் பெருக்காமல் விட்டிருந்தால், 0.43 என்பது உண்மையில் 0.56. அதாவது அவர் மண்ணில் கார்பன் ஏறியிருக்கிறது. இருவரும் ஒரே மாதிரி செய்திருந்தால் இறங்கியிருக்கிறது. எது என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல என்னாலேயே முடியவில்லை. 0.5-க்குக் கீழே குறைவு, 0.75 வரை நடுத்தரம் என்ற கோடுகளை வைத்துக்கொண்டு, ஒரு பெருக்கலால் ஒரு மனிதருடைய வயலைக் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடுகிறோம். தழைச்சத்தைத் தனியாக அளக்காமல் இந்தக் கார்பன் எண்ணிலிருந்தே கணக்குப் போட்டு எழுதுகிற பழக்கமும் சில இடங்களில் உண்டே, அங்கே யூரியா மூட்டையின் எண்ணிக்கையும் இதோடு சேர்ந்து ஆடும்.

அப்புறம் சொட்டுக் கணக்கு. பியூரெட்டிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி. வழக்கமான 0.5 நார்மல் செறிவுள்ள கரைசலில் அது கார்பன் கணக்கில் 0.01 சதவீதத்துக்குச் சமம். மாலை நாலு மணிக்கு நாற்பதாவது குடுவையில் கண் அசந்து இரண்டு மூன்று சொட்டு கூடப் போவது எங்களுக்குப் புதிதல்ல. அந்த மூன்று சொட்டுக்கு விவசாயியின் வயலில் என்ன மதிப்பு என்று பணியில் இருந்தவரை நான் கணக்குப் போட்டதே இல்லை. ஓய்வுபெற்ற பிறகுதான் போட்டேன். ஓர் ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 850 டன். ஐந்து டன் தொழு உரத்தில் பாதி ஈரம் போனால் இரண்டரை டன், அதில் மூன்றில் ஒரு பங்கு கார்பன் என்று வைத்தால் 800 கிலோ. நம் வெயிலில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று வருடத்துக்குள் கரியமில வாயுவாக விட்டுவிடும். ஐந்தில் ஒரு பங்கு தங்கினால் 160 கிலோ. 850 டன்னில் 160 கிலோ என்பது 0.02 சதவீதம்.

இரண்டு சொட்டு. ஒரு குடும்பம் மாட்டுச்சாணம் அள்ளி, குப்பைமேட்டில் சேர்த்து, வண்டி வைத்து அடித்து, இறைத்து, உழுது ஒரு வருடம் உழைத்தது என் பியூரெட் முனையில் இரண்டு சொட்டு.

முறை மோசம் என்று சொல்ல வரவில்லை. மலிவானது, மின்சாரம் போனாலும் நடக்கும், கோவைப் பக்கத்துச் சுண்ணாம்புக் கரிசலில்கூட சுண்ணாம்பின் கார்பனைச் சேர்த்து எண்ணிவிடாது. கடலோர உவர் மண்ணில் குளோரைடு இடையில் புகுந்து கார்பனைக் கூட்டிக் காட்டும், அதற்கும் அமிலத்தில் சில்வர் சல்ஃபேட் சேர்க்கிற வைத்தியம் இருக்கிறது. தப்பு முறையில் இல்லை. பத்து, இருபது வருடத்தில் மட்டுமே தெரியக்கூடிய ஒன்றை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, வேறு வேறு கைகளில், வயலின் வேறு வேறு மூலையில் எடுத்த மண்ணில் பார்க்க நினைக்கிறோம். அங்கேதான் தப்பு. பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேர் கட்டத்துக்கு ஒரு மாதிரி என்பது மண்வள அட்டைத் திட்டத்தின் கணக்கு. அந்தக் கட்டத்துக்குள் வரப்போரமும் இருக்கும், போன வருடம் ஆட்டுக்கிடை போட்ட இடமும் இருக்கும்.

கார்பன் கதையைச் சொல்லக்கூடிய மண் உலகத்தில் எங்கே இருக்கிறது? இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1843-இல் தொடங்கிய கோதுமை வயல் இன்றும் நடக்கிறது. அன்றிலிருந்து எடுத்த மண்ணையும் தானியத்தையும் வைக்கோலையும் புட்டிகளில் அடைத்து வைத்திருக்கிறார்கள், மூன்று லட்சத்துக்கும் மேல். வருடா வருடம் தொழு உரம் போட்ட பாத்தியில் கார்பன் நூறு வருடத்துக்கும் மேலாக மெல்ல மெல்ல ஏறியதை அந்தப் புட்டிகளிலிருந்துதான் கண்டார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. 1950, 60களில் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. பழைய புட்டி மண்ணையும் பிந்தைய மண்ணையும் ஒப்பிட்டு, மண்ணுக்குள் கார்பன் எத்தனை காலம் தங்குகிறது என்று பிறகு வந்தவர்கள் கணக்கெடுத்தார்கள். முதல் புட்டிக்கு மூடி போட்டவருக்கு அணுகுண்டும் தெரியாது, கதிரியக்கமும் தெரியாது. அவர் செய்தது மண்ணைக் கொட்டாமல் வைத்தது ஒன்றுதான்.

நமக்கும் ஒன்று இருக்கிறது. கோவை வேளாண் கல்லூரியில் 1909-இல் தொடங்கிய நிரந்தர எரு ஆய்வு வயல் இன்றைய வேளாண் பல்கலைக்கழகத்தில் இன்னும் நடக்கிறது. குளிர்நாட்டில் நூறு வருடம் தங்குவது இங்கே எத்தனை வருடம் தங்கும் என்பதற்கு ராதாம்ஸ்டெட்டை விட நமக்கு அந்த வயல்தான் சாட்சி. ஆனால் அது ஓர் ஊர், ஒரு மண். தஞ்சாவூர் வண்டலுக்கும் ராமநாதபுரம் களிமண்ணுக்கும் அதை வைத்துப் பதில் சொல்ல முடியாது.

நான் வேலை பார்த்த இடத்தில், முடிவு அனுப்பிச் சில மாதம் ஆனதும் மண்ணைப் பின்பக்க வேப்பமரத்தடியில் கொட்டுவோம். செம்மண், கரிசல், ஆற்றுமணல், எல்லாம் அரைக்கிலோ அரைக்கிலோவாக. ஒரு மாவட்டமே அந்த மரத்தடியில் கிடந்தது. மரம் நன்றாகத்தான் வளர்ந்தது.

‘எண்களைத்தான் கணினியில் ஏற்றிவிட்டோமே, மண் எதற்கு’ என்று கேட்பீர்கள். இந்தத் துறையில் எண்ணுக்கு ஆயுள் குறைவு. 1786-இல் ஆச்சர்டு என்ற ஜெர்மானியர் பீட் என்ற சதுப்பு மக்கு மண்ணில் காரக் கரைசலை (அமிலத்துக்கு எதிரானது) ஊற்றிக் கறுப்புச் சாறு எடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஹியூமிக் அமிலம், ஃபல்விக் அமிலம், ஹியூமின் என்ற பிரிவெல்லாம். காரத்தில் கரைந்து அமிலம் விட்டால் படிவது ஹியூமிக், படியாமல் கரைசலிலேயே நிற்பது ஃபல்விக், எதிலும் கரையாதது ஹியூமின். இருநூறு வருடம் இதை அளந்து அட்டவணை போட்டார்கள், நானும் போட்டிருக்கிறேன். 2015-இல் லேமன், க்ளெபர் என்ற மண் ஆய்வாளர்கள் இருவரும் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதியது வேறு மாதிரி. அந்தக் கறுப்புப் பெருமூலக்கூறுகள் மண்ணில் அப்படியே இருப்பவை அல்ல, கார வடிப்பின் விளைவு. மண்ணில் இருப்பது செடி, நுண்ணுயிர் மிச்சங்கள்; சிதைந்துகொண்டே போகும் அவற்றில் ஒரு பகுதி களித்துகளில் ஒட்டியும் மண்கட்டிக்குள் ஒளிந்தும் தப்பிக்கிறது. இதுதான் அவர்கள் வாதம். எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை, சண்டை நடக்கிறது. நடக்கட்டும். நாளைக்கு யார் ஜெயித்தாலும் என் பழைய அட்டவணையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மண் இருந்தால் புதுக் கருவியில் மறுபடி போட்டுப் பார்க்கலாம்.

(உரக்கடைகளில் விற்கிற ஹியூமிக் புட்டிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. பழுப்பு நிலக்கரி வகையில் காரம் சேர்த்து எடுக்கிற சாறு அது. 2021-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் உயிரூக்கி (பயிர் வளர்ச்சியைத் தூண்டுகிற பொருள்) என்ற பெயரில் கொண்டுவந்தார்கள், நல்லது. ஆனால் அதை ஏக்கருக்கு ஒரு லிட்டர் விட்டால் கார்பன் ஏறும் என்று கடைக்காரர் சொன்னால், மேலே இருக்கிற 850 டன் கணக்கை அவரிடம் காட்டச் சொல்லுங்கள்.)

தண்ணீரைப் படிக்கிறவர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஹியூமிக் ஆய்வாளர்களின் உலகச் சங்கம் 1981-இல் உருவானது. அமெரிக்காவில் ஒக்கஃபெனோக்கி சதுப்பிலிருந்து தேநீர் நிறத்தில் வழிகிற சுவானி ஆற்று நீரிலிருந்து அங்ககப் பொருளைப் பிரித்தெடுத்து, தரமாதிரியாக வைத்து உலக ஆய்வகங்களுக்குக் கொடுக்கிறார்கள். எந்த நாட்டில் அளந்தாலும் அதே பொருளை வைத்துத் தன் கருவியைச் சரிபார்த்துக்கொள்ளலாம். தண்ணீரில் கரைந்த இந்த மக்கிய பொருள் நமக்கும் அந்நியமானதல்ல. குளோரின் போட்டால் அதிலிருந்து குளோரோஃபார்ம் உண்டாகிறது என்று நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் ரூக் என்ற வேதியியலாளர் 1974-இல் காட்டினார். நம் குடிநீர்த் தர நிர்ணயத்திலும் குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்ற வரம்பு இருக்கிறது. வயலிலிருந்து ஏரிக்குப் போகிற மக்கும், ஏரியிலிருந்து வண்டலாக வயலுக்குத் திரும்புகிற மக்கும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். அதை எழுதத்தான் ஆளில்லை.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? முதலில் அட்டை. எந்த முறை, 1.3 ஆல் பெருக்கியதா இல்லையா, எந்த மாதத்தில் எவ்வளவு ஆழத்தில் எடுத்த மண் என்று ஒரே ஒரு வரி அச்சிடுங்கள். முந்தைய அட்டையின் எண்ணும் பக்கத்திலேயே இருக்கட்டும். தழைச்சத்தைக் கணக்கில் வருவித்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது புட்டி. தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்றியத்துக்குப் பத்து வயல், விவசாயி சம்மதத்தோடு. நஞ்சை, புஞ்சை, தோப்பு, கண்மாய் ஆயக்கட்டு என்று கலந்து இருக்கட்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே கோடை மாதத்தில், உழவுக்கு முன்னால் 15 சென்டிமீட்டர் வரை ஒன்று, 30 வரை ஒன்று எடுங்கள். கூடவே இரும்பு வளையம் அடித்து மண்ணின் அடர்த்தியையும் பாருங்கள். அது இல்லாமல் சதவீதத்தை டன்னாக்க முடியாது, பொதுபொதுவென்று உழுத மண்ணும் இறுகிய மண்ணும் ஒரே ஆழத்தில் ஒரே எடை அல்ல. நிழலில் உலர்த்தி, அரைக்கிலோவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, சர்வே எண், தேதி, பயிர் எல்லாவற்றையும் பென்சிலில் எழுதி உள்ளேயும் ஒரு சீட்டு போடுங்கள். மை வெளுத்துவிடும், பென்சில் வெளுக்காது. மொத்தம் 7,760 புட்டி, நாலு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு லாரி லோடு. கரையான் ஏறாத ஒரு கட்டடம், பொறுப்பாக ஒரு ஆள். இதற்குப் பணம் இல்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள், பரிசோதனைக்கு ஆகிற அமிலச் செலவு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

தம்பிக்கு அன்று நான் சொன்ன பதில், “எரு போடுறதை நிறுத்தாதே, அட்டையை அப்புறம் பார்க்கலாம்” என்பதுதான். பதினாறு வருடம் கழித்து அவர் மகன் வந்து கேட்டால் இதையே சொல்ல நான் இருக்க மாட்டேன்.

என் வீட்டுப் பரணில் 14 ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இருக்கின்றன. 1994 கோடையில் எங்கள் ஊர் வயல்களில் நானாக எடுத்த மண். வேப்பமரத்தடிக்குப் போகாமல் தப்பியது அவ்வளவுதான். ஒவ்வொன்றிலும் யாருடைய வயல், கிணற்றிலிருந்து எத்தனை தப்படி என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன். பதினொரு வயல் இன்னும் வயலாகவே இருக்கிறது, மூன்று மனையாகிவிட்டது. நீங்கள் ஒரு அலமாரி ஒதுக்கினால், சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து நானே வைத்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்