மூன்று பெயர்கள், ஒரே வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு நீங்கள் வெளியிட்ட வாரிசு அரசியல் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதில் வந்த குடும்பப் பட்டியலில் எங்கள் ஊர்க் குடும்பமும் இருந்தது. பி.டி.ராஜன், அவர் மகன் பி.டி.ஆர். பழனிவேல்ராஜன், பேரன் பழனிவேல் தியாகராஜன் என்று மூன்று தலைமுறையை ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த குடும்பத்துக்குப் போய்விட்டார் கட்டுரையாளர். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவன் என்பதால் அந்த ஒரு வரியை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

பி.டி.ராஜன் உத்தமபாளையத்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு வந்து நீதிக்கட்சியில் வளர்ந்தார். 1936இல் அப்போதைய முதன்மை அமைச்சர் பொப்பிலி அரசர் வெளிநாடு சென்றிருந்தபோது ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தார். 1944இல் சேலம் மாநாட்டில் கட்சி திராவிடர் கழகமாக மாறியபோது இவர் கூடப் போகவில்லை. நீதிக்கட்சியின் பழைய தராசுக் கொடியோடு தனியே நின்றார். 1952 தேர்தலில் 375 பேர் கொண்ட சட்டப்பேரவைக்கு அந்தக் கட்சியிலிருந்து வென்றவர் கம்பம் தொகுதியில் நின்ற இவர் ஒருவர்தான். அடுத்த தேர்தலில், 1957இல், சொந்த மண்ணிலேயே தோற்றார். இன்றும் தேனி மாவட்டத்தில் 5,146 ஏக்கர் நிலம் பாசனத்துக்கு நம்பியிருக்கும் இரண்டு கால்வாய்களில் ஒன்றுக்கு அவர் பெயர்தான். தண்ணீர் திறக்கும் நாளில் அந்தப் பெயரைச் சொல்லாத விவசாயி இங்கே இல்லை. ஆனாலும் ஓட்டுப் போடும் நாளில் இந்த ஊர் மக்கள் பெயருக்காக அவரை வெற்றிபெற வைக்கவில்லை. குடும்பப் பெயர் இருந்தால் வெற்றி நிச்சயம் என்று எழுதுகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

கட்டுரையாளர் முற்றிலும் மறந்தது நடுவில் உள்ளவரை. பழனிவேல்ராஜன் தந்தையின் கட்சியில் தொடரவில்லை, தி.மு.க.வில் சேர்ந்தார். 1996 முதல் 2001 வரை சட்டப்பேரவைத் தலைவர். (தந்தையும் 1952இல் புதிய பேரவை கூடியபோது சில நாள் தற்காலிகத் தலைவராக இருந்தவர்.) அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் சேடப்பட்டி முத்தையா, பின் வந்தவர் காளிமுத்து. மூவரும் எங்கள் மதுரைப் பக்கத்துக்காரர்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. பழனிவேல்ராஜனுக்குக் கிடைத்த பேரவை வழக்கமான பேரவை இல்லை. தி.மு.க.வுக்கு 173 இடங்கள். எதிர்க்கட்சி வரிசையில் பெரிய கட்சி, தேர்தலில் தி.மு.க. அணியிலேயே நின்ற த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்); அதற்கு 39. முந்தைய ஆளுங்கட்சியான அ.தி.மு.க. நான்கே இடங்களுக்குச் சுருங்கிவிட்டது, ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றிருந்தார். இப்படி எதிர்ப்புக் குரல் மெலிந்து கிடக்கும் அவையில் கேள்வி நேரத்தை உயிரோடு வைத்திருக்க வேண்டிய பொறுப்பு முழுக்கத் தலைவர் மேல்தான் விழுகிறது. அந்த ஐந்தாண்டு நடவடிக்கைக் குறிப்புகளை யாராவது உட்கார்ந்து படித்து எழுதியிருக்கிறார்களா? என் கண்ணில் இதுவரை படவில்லை.

2006 தேர்தலில் மதுரை மத்தியில் வென்று அவர் இந்து அறநிலையத் துறை அமைச்சரானார். மே 13 அன்று அமைச்சரவை பதவியேற்றது. மே 20 அன்று அவர் இறந்துவிட்டார். அதற்கு மூன்றாம் நாள், மே 23 அன்று, தகுதியும் பயிற்சியும் உள்ள இந்துக்கள் எச்சாதியினராயினும் கோயில்களில் அர்ச்சகர் ஆகலாம் என்ற அரசாணை வெளிவந்தது. அர்ச்சகர் பணியில் பரம்பரை உரிமையை நீக்கிய 1970ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 1972இல் ஏற்றுக்கொண்ட பிறகு நடந்த நெடும் பயணம் அது. அந்தத் துறையின் அமைச்சர் அதைப் பார்க்க இல்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த ஆண்டு அக்டோபரில் மதுரை மத்தியில் நடந்த இடைத்தேர்தலில் கட்சி நிறுத்தி வெற்றி பெற்றவர் சையது கவுஸ் பாட்சா. அவர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் இல்லை. பழனிவேல்ராஜனின் மகன் தியாகராஜன் அந்தத் தொகுதியில் வென்றது பத்து ஆண்டுகள் கழித்து, 2016இல்; வித்தியாசம் 5,762 ஓட்டுகள். 2021இல் அது 34,176 ஆனது. அதற்கு முன் அவர் திருச்சியில் பொறியியலும் அமெரிக்காவில் மேற்படிப்பும் முடித்து, வெளிநாட்டு வங்கித் துறையில் வேலை பார்த்தவர்.

2021 ஆகஸ்ட் 9 அன்று நிதியமைச்சராக அவர் மாநிலத்தின் நிதி நிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கையை நான் முழுதாகப் படித்தேன். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றது அது. எங்கள் தெருவில் தேநீர்க் கடையில் அந்த எண்ணைத் தவிர அன்று வேறு பேச்சில்லை. மாநிலத்தின் வரவு செலவு சாதாரண மனிதர்களின் வாயில் புழங்கியதை என் வாழ்நாளில் அப்போதுதான் கண்டேன். நான்கு நாள் கழித்து வந்த நிதிநிலை அறிக்கையில் பெட்ரோல் மீதான மாநில வரி மூன்று ரூபாய் குறைந்தது. 2023 மே மாதம் அவர் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மாற்றப்பட்டார். அப்போது நான் படித்த செய்திகளில் யார் கை ஓங்கியது, யார் கை தாழ்ந்தது என்பதே இருந்தது. வெள்ளை அறிக்கையில் சொன்ன குறைகளில் எவை சரியாயின என்று ஒரு பத்தி கூட இல்லை.

வாரிசு அரசியலை நான் ஆதரிப்பதாக நினைத்துவிடாதீர்கள். கருவறையில் பரம்பரை உரிமையைச் சட்டம் போட்டு நீக்கிய மாநிலம் இது. வேட்பாளர் பட்டியலில் அது அப்படியே இருக்கிறது. எங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகளாகக் கொடிக்கம்பம் நட்டு, சுவரொட்டி ஒட்டிய கிளைச் செயலாளர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் பெயர் கூட நேர்காணல் அறைக்கு வெளியே அழைக்கப்பட்டதில்லை. அந்த அநியாயத்தை நீங்கள் எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒருவர் யார் வீட்டுப் பிள்ளை என்று எழுதியதோடு நிறுத்தும் கட்டுரை, அந்தக் கிளைச் செயலாளருக்கும் உதவாது, ஓட்டுப் போட்ட எனக்கும் உதவாது.

2022 ஜனவரி முதல் பேரவைக் கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. மதுரை, தேனி மாவட்ட உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் எத்தனை கேள்வி கேட்டார்கள், எந்த மசோதாவில் பேசினார்கள், எத்தனை நாள் அவைக்கு வந்தார்கள் என்று வாரம் ஒருவராகத் தங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன். அரசியல் குடும்பத்தில் பிறந்தவரையும் பிறக்காதவரையும் ஒரே அளவில் வையுங்கள். பழைய ஆண்டுகளின் அவைக் குறிப்புகளைப் படித்துக் குறிப்பெடுக்க ஆள் தேவைப்பட்டால், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நான்கு பேர் நாங்கள் தயாராக இருக்கிறோம். ஊதியம் வேண்டாம். பஸ் கட்டணத்தையும் நாங்களே பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
உத்தமபாளையம், தேனி மாவட்டம்.