குரோம்பேட்டை மூத்த குடிமக்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். கண் பரிசோதனை முகாமும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடந்தன. விழாவில் சர்க்கரைப் பொங்கல் பத்தவில்லை என்று புகார் வந்தது. புகார் சொன்னவர்களில் பலரும் சர்க்கரை நோயாளிகள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது மாற்று மருத்துவம் பற்றித்தான். 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை மத்திய அரசு எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, ஓராண்டுக்குள் ஆயுஷ் முறைகளில் (ஆயுர்வேதம், யோகா, யுனானி, சித்தா, ஹோமியோபதி போன்றவை) ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தியவர்கள் கிராமங்களில் சுமார் 46 சதவீதம், நகரங்களில் சுமார் 53. இதைப் படித்துக் காட்டியதும் "அவ்வளவுதானா?" என்றார் ஒரு உறுப்பினர். கபசுரக் குடிநீர் குடிக்காத வீடு நம் தெருவில் ஏது? ஆகவே, போனீர்களா என்று கேட்காமல், திரும்பப் போனீர்களா என்று மாதக் கூட்டங்களில் விசாரித்தோம்.

விடாமல் போகிறவர்கள் பெரும்பாலும் மூட்டுவலிக்காரர்கள். 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவமனை தாம்பரம் சானடோரியத்தில், நமக்கு ரயிலில் அடுத்த ஸ்டேஷன். தைலம் தீர்ந்தால் மறுபடி ஓ.பி. சீட்டோடு கிளம்பிவிடுகிறார்கள். வலி குறைந்ததா என்றால் "பரவாயில்லை" என்பார்கள். "ஆனால் கையைப் பிடித்து நாடி பார்த்து, என்ன சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன் என்று கேட்கிறாரே" என்பதை மட்டும் உற்சாகமாகச் சொல்வார்கள். பாதியில் நிறுத்தியவர்களில் பலர் மருந்தைக் குறை சொல்லவில்லை. புளியும் கத்தரிக்காயும் கூடாது என்ற பத்தியம்தான் அவர்களைத் துரத்தியது. ஹோமியோபதி உருண்டைக்கு அந்தச் சிக்கல் இல்லை, காபியை விடச் சொல்லும்வரை.

ஆங்கில மருத்துவம், மாற்று மருத்துவம் என இரண்டு பக்கமும் போகிறவர்கள் ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்திடம் சொல்வதில்லை. எனக்குக் கவலை அதுதான். ஆடி மாதம் காலை நடையில் ஓர் அம்மா வியர்த்துக் கொட்டி பெஞ்சில் சாய்ந்துவிட்டார். சர்க்கரை இறங்கியிருந்தது. மிட்டாய் கொடுத்துத் தெளிய வைத்து, மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அவர் மஞ்சள் பையில் சர்க்கரை மாத்திரை அட்டை இருந்தது. பக்கத்திலேயே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சிறுகுறிஞ்சான் பொடி. பொடியும் சர்க்கரையைக் குறைக்கும். யாரையும் கேட்காமல் கடையில் வாங்கியது. "டாக்டரிடம் சொல்லவில்லையா?" என்றேன். "சொன்னால் திட்டுவார், தம்பி" என்றார்.

அப்புறம்தான் எல்லோருக்கும் ஒரு மருந்து நோட்டு கொடுப்பதென்று செயற்குழு முடிவெடுத்தது. ஆங்கில மருந்து ஒரு பத்தி, நாட்டு மருந்து ஒரு பத்தி. எந்த டாக்டரிடம் போனாலும் நோட்டை அப்படியே நீட்டிவிட வேண்டியது. வாயால் சொல்லும் சங்கடம் இல்லை. ஒரு டாக்டர் புரட்டிப் பார்த்து முகம் சுளித்தாராம். இருந்தாலும் ஒரு மாத்திரையைப் பாதியாக்கி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நோட்டு வாங்காதவர்கள் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். அதில் பால் கணக்கு எழுதுவோர் தயவுசெய்து கடைசிப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளவும்.

இப்படிக்கு,
செயலாளர்