செயலாளரின் ஆண்டறிக்கை 2025-26: பாலைநிலக் காப்பகங்களில் ஒளிப்படப் பயணம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நம் ஒளிப்படச் சங்கத்தின் பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திரக் கூட்டங்களும் படத் திறனாய்வு அமர்வுகளும் வழக்கம்போல் நடைபெற்றன. அவற்றின் குறிப்புகள் பதிவேட்டில் உள்ளன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தாக்கல் செய்வார். எனவே இவ்வறிக்கையில் இவ்வாண்டின் முதன்மை நிகழ்வான குஜராத், ராஜஸ்தான் பயணத்தைப் பற்றியே விரிவாகக் கூற விழைகிறேன்.

சென்னையிலிருந்து நவஜீவன் விரைவு ரயிலில் அகமதாபாத் சென்று, அங்கிருந்து வாடகை வேனில் சிறிய கட்ச் ராண், ஜெய்சால்மர், கீச்சன், பிகானேர், தால் சாப்பர் வழியாக ஜெய்ப்பூரை அடைவதெனச் செயற்குழு வகுத்த திட்டம் தை மாதத்தில் நிறைவேறியது. பேசியபடி உயரமான வண்டியைத் தராமல் மணலில் அடி தட்டும் வேனை ஒப்பந்தக்காரர் அனுப்பியதால், காப்பகங்களுக்குள் செல்ல உள்ளூர் ஜீப்புகளை அமர்த்த வேண்டியதாயிற்று. அந்தக் கூடுதல் செலவு கணக்கில் தனியே காட்டப்பட்டுள்ளது.

சிறிய ராணில் 4,954 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் காட்டுக்கழுதைச் சரணாலயம், மழைக்காலத்தில் நீர் தேங்கிப் பின்பு வெடித்த சேற்றுத் தரையாகக் காயும் நிலமாகும். 1960களில் கடிக்கும் ஈக்களால் பரவும் சர்ரா என்னும் இரத்த ஒட்டுண்ணி நோய்க்குப் பலியாகிச் சில நூறாகக் குறைந்துபோன காட்டுக்கழுதைகள் 2024 கணக்கெடுப்பில் 7,672 என்னும் எண்ணிக்கையை எட்டியுள்ளன. நம் கண்மாய்களை அடைத்திருக்கும் அதே சீமைக்கருவேலம் அங்கும் ஓரங்களிலிருந்து உள்ளே ஏறி வருகிறது. அதைத் தவிர்த்துப் பின்னணி அமைப்பது எவ்வளவு கடினம் என்பதைப் படங்களைப் பார்த்தாலே அறியலாம்.

அங்கு நம் உறுப்பினர்களைப் பெரிதும் சோதித்தது கானல். இரவில் குளிர்ந்த தரை வெயில் ஏறியதும் சூடாகி, அதனை ஒட்டிய காற்று நெளியத் தொடங்குகிறது, 600 மி.மீ. லென்ஸ் வழியே பார்த்தால் கழுதையின் முழங்காலுக்குக் கீழே தண்ணீரில் கரைவதுபோல் தெரியும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும், டிரைபாடில் பூட்டினாலும், விலை உயர்ந்த லென்ஸைப் பொருத்தினாலும் இந்த மங்கல் நீங்காது. நமக்கும் விலங்குக்கும் இடையிலுள்ள காற்றைக் குறைப்பதோ, தரை சூடாகுமுன் படமெடுப்பதோதான் வழி. ஆகவே, விடியலில் இறங்கி, வெயில் ஏறுமுன் படப்பிடிப்பை நிறுத்தி, மாலையில் தொடர்வது என்பதே பயணம் முழுவதும் நம் நடைமுறையாயிற்று.

ஜெய்சால்மர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டரில் அமைந்த பாலைவனத் தேசியப் பூங்காவிற்கு நாம் சென்றது கானமயில் என்னும் பெரிய தரைப்பறவைக்காக (Great Indian Bustard). ஒரு காலத்தில் தமிழகம் வரை திரிந்த இப்பறவை, இன்று இயற்கைச் சூழலில் 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஓர் ஈட்டுக்குப் பெரும்பாலும் ஒரு முட்டையே இடும் இப்பறவைக்கு உடல் கனம் அதிகம், நேர்முன்னே காணும் பார்வை குறைவு. அதனால் எதிரே வரும் மின்கம்பிகளைக் கண்டு விலக முடியாமல் மோதி இறக்கிறது. கம்பிகளைப் புதைக்க உச்ச நீதிமன்றம் 2021-இல் ஆணையிட்டு, 2024-இல் அதைத் தளர்த்தி வல்லுநர் குழுவை அமைத்தது உறுப்பினர்கள் அறிந்ததே.

பூங்காவின் சுதாசரி பகுதி அருகே சேவண் புல்லுக்கு மேல் வெண்கழுத்தும் கருங்கொண்டையும் தெரிய ஒரு கானமயில் மேய்ந்துகொண்டிருந்தது. நம் ஜீப்புகள் தடத்திலேயே நின்றன. வேறொரு குழுவின் வண்டி தடத்தை விட்டு இறங்கி அதை நோக்கிச் செல்ல, பறவை மேய்ச்சலை நிறுத்தி, கழுத்தை நீட்டி ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து பறந்தது. அந்த வண்டியில் இருந்தவர்களுக்கும் படம் கிடைத்திருக்காது.

நமக்குக் கிடைத்தவற்றில் ஒரு படத்தில் பறவை மிகச் சிறியதாக நிற்க, அதன் பின்னே மின்கோபுரங்கள் வரிசையாகத் தெரிகின்றன. பறவையைத் தேட வேண்டியிருக்கிறது என்று சிலர் குறை கூறினர். தேட வேண்டிய நிலையில்தான் அது இருக்கிறது என்பதால், கண்காட்சியின் முதல் படமாக அதையே வைக்குமாறு நான் பரிந்துரைத்தேன். செயற்குழு பெரும்பான்மையுடன் ஏற்றது.

கீச்சன் இதற்கு நேர்மாறானது. மங்கோலியா, மத்திய ஆசியப் பகுதிகளிலிருந்து குளிர்காலத்தில் வந்து தங்கும் டெமாய்செல் கொக்குகளுக்கு அவ்வூர்ச் சமணர்கள் முன்னின்று தலைமுறைகளாகத் தானியம் இட்டு வருகின்றனர்; 2025 ஜூனில் அது ராம்சர் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. காலையில் தானியம் கொட்டியதும் முதலில் புறாக்கள் இறங்குகின்றன. மணல் மேடுகளில் காத்திருக்கும் கொக்குகள் வானில் வட்டமிட்டுப் பின்பு கூட்டம் கூட்டமாக வேலிக்குள் இறங்குகின்றன. வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தபோது சிவந்த கண்ணும், காதோரத்து வெண்ணிறச் சிறகுக் கற்றையும் 200 மி.மீ. லென்ஸிலேயே தெளிவாகப் பதிந்தன.

பிகானேரை அடுத்த ஜோர்பீரில், மாட்டுச் சடலங்களைக் கொண்டுவந்து போடும் வெளியில் பாறுக் கழுகுகளையும் புல்வெளிக் கழுகுகளையும் காண முடிந்தது. நாற்றத்தைப் பொறுக்காத இருவர் வேனிலேயே இருந்தனர். தால் சாப்பரின் வெளிமான்கள், கோடியக்கரையில் பழகிய நமக்குப் புதியவை அல்ல எனினும், உயரம் குறைந்த புல்வெளியில் மறைப்பின்றி அவற்றைப் படமெடுக்க வாய்த்தது.

பயணப் படங்களை முன்னிட்டுச் செயற்குழு வகுத்துள்ள விதிகளைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். கூடு, முட்டை, குஞ்சு ஆகியவற்றின் படங்கள் சங்கப் போட்டிக்கு ஏற்கப்படமாட்டா. அருகிவரும் இனங்களின் படங்களை வெளியிடும் முன் இடக்குறிப்பு நீக்கப்பட வேண்டும். தடத்தை விட்டு வண்டியை இறக்கச் சொல்லும் உறுப்பினர் அடுத்த பயணத்தில் சேர்க்கப்படமாட்டார். மூன்றாவது விதி கடுமையானது என்று கருதுவோர் திருத்தங்களை இக்கூட்டத்திலேயே எழுத்துவடிவில் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
செயலாளர்