நீ சொன்ன பையன் வென்றுவிட்டான்

இண்டியானாபோலிஸ்
8 ஜூன் 2025

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். பொங்கலுக்கு உனக்கு அனுப்பிய பார்சல் மார்ச் மாதம் மஞ்சள் தாள் ஒட்டப்பட்டு எங்களிடமே திரும்பி வந்தது. முறுக்கெல்லாம் நொறுங்கிப் போயிருந்ததால் உன் அம்மா அதைக் கொல்லைப்புறத்தில் பறவைகளுக்குப் போட்டுவிட்டாள். உன் புது முகவரியை யாரிடம் வாங்கினோம் என்று கேட்காதே, கொடுத்தவர்மேல் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். வீடு மாறினால் காரின் பதிவையும் காப்பீட்டையும் மாற்ற வேண்டும். செய்திருப்பாய் என்று நினைக்கிறேன். டயர்களையும் ஒருமுறை பார்த்துவிடு. டென்வரில் மலைப்பாதை அதிகம்.

இந்தக் கடிதம் நம் ஊர் இண்டி 500 கார் ரேஸைப் பற்றியது. மே 25 ஞாயிறு இரவு பதினொன்றரை மணிவரை தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார் வென்றார் என்ற செய்தி உனக்கு எட்டாமல் இருந்திருக்காது. அலெக்ஸ் பலோ வென்றிருக்கிறான், கண்ணு. 2021-ல் ஹீலியோ காஸ்ட்ரோநெவஸ் நம் கண் முன்னே, முதல் வளைவில், வெளிப்பக்கமாக வந்து அவனைத் தாண்டிப் போனதும், சுற்றியிருந்த அத்தனை பேரும் ஹீலியோவுக்காகத் தொண்டை கிழியக் கத்தியதும், வென்ற மகிழ்ச்சியில் வேலியில் ஏறிய அந்த 46 வயதுக்காரரைப் பார்த்து நானே பக்கத்திலிருந்த முன்பின் அறியாதவரைக் கட்டிக்கொண்டதும் உனக்கு நினைவிருக்கும். நோய்த்தொற்று முடியாத காலம். 1,35,000 பேரை மட்டுமே உள்ளே விட்டிருந்தார்கள், ஆனாலும் நிறைந்த கேலரியின் சத்தம். அந்தச் சத்தத்தின் நடுவே நீ என் காதருகில் குனிந்து, “அப்பா, ரெண்டாவதா வந்த பையனைப் பாருங்க, இவன் ஒரு நாள் இங்க ஜெயிப்பான்” என்றாய். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, அதே வளைவில், அதே இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவன் மார்கஸ் எரிக்சனைத் தாண்டினான். இன்னும் பதினான்கு சுற்றுகள் பாக்கி இருந்தன. நான் எழுந்து நின்று உன் இருக்கைப் பக்கம் திரும்பினேன். அதில் நீலக் கூலர்தான் இருந்தது.

முன்வரிசைப் பாட்டியம்மா உன்னைக் கேட்டார்கள். வயது எண்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். இன்னும் பென்சிலால்தான் சுற்றுக் கணக்கு எழுதுகிறார்கள். “உங்கள் பெண் எங்கே?” என்றார்கள். வேலை அதிகம் என்று சொன்னேன். மூன்று வருடங்களாக அதையேதான் சொல்லி வருகிறேன். இம்முறை அவர்கள் தலையை ஆட்டவில்லை, என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள்.

கேலரி டிக்கெட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்துவிட்டதால் உள்ளூர்த் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டக் கூடாது என்ற தடையை நீக்கிவிட்டார்கள். உன் அம்மா வீட்டிலிருந்தே நேரடியாகப் பார்த்தாள். உள்ளே மட்டும் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர். காலையில் தூறியது, தொடக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போயிற்று. நல்ல குளிர். நீ ஒரு ஜாக்கெட்டாவது கொண்டு வந்திருக்க மாட்டாய், நான்தான் கழற்றித் தந்திருக்க வேண்டும். போரில் இறந்தவர்களுக்காக அந்தத் தனி எக்காளத்தை ஊதும்போது மூன்றரை லட்சம் பேரும் மூச்சடக்கி நிற்கிறார்கள் அல்லவா, உனக்குச் சிறுவயதில் அதுதான் பிடித்தது, கார்களைவிட. அப்போது எங்கோ பல வரிசைகளுக்கு அப்பால் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பச்சைக்கொடி காட்டுவதற்கு முன்பே ஸ்காட் மெக்லாஃப்லின் டயரைச் சூடேற்றப் போய்க் காரைச் சுழற்றிச் சுவரில் மோதிவிட்டான். ஒரு சுற்றுகூட ஓடாமல் ஆண்டு முழுவதற்குமான உழைப்பு போயிற்று. என் பின்னால் ஒருவர் சிரித்தார். வேறொருவர் அவரை அதட்டினார். ஓட்டுநர்கள் ரேடியோவில் பேசுவதைக் கேட்க ஸ்கேனர் காதில் மாட்டியிருந்தவர்கள் அதைக் கழற்றிவிட்டார்கள். அந்த நேரத்தில் அவன் பேசுவதைக் கேட்கக் கூசியிருப்பார்கள். குளிர்ந்த டயரை நம்பக் கூடாது, கண்ணு. காலையில் காரை எடுத்தவுடன் வேகம் வேண்டாம். நான் சொன்னாலும் நீ கேட்க மாட்டாய்.

ஜோசஃப் நியூகார்டன் மூன்றாவது முறை தொடர்ந்து வெல்ல வந்தான். தகுதிச் சுற்றின்போது அவனுடைய காரிலும் வில் பவர் காரிலும் மாற்றக் கூடாத ஒரு பாகத்தை மாற்றியது தெரிந்து, இருவரையும் கடைசி வரிசைக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் 32-ஆம் இடத்திலிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி முன்னே வரவர, காலையில் அவனைப் பற்றிக் கேவலமாகப் பேசிக்கொண்டிருந்த அதே ஆட்கள் எழுந்து நின்றார்கள். பிறகு எரிபொருள் அழுத்தம் குறைந்து கார் நின்றபோது அவர்கள் முகத்தில் மகிழ்ச்சியா வருத்தமா என்று என்னால் சொல்ல முடியவில்லை, அவர்களுக்கே தெரிந்திருக்காது. கூட்டத்தின் மனம் அப்படிப்பட்டது. இந்த ஊருக்கு நான் வந்த புதிதில், 1993-ல், எமர்சன் ஃபிட்டிபால்டி வென்ற பிறகு, இங்கே வென்றவர்கள் வழக்கமாகக் குடிக்கும் பாலைத் தள்ளிவைத்துவிட்டு ஆரஞ்சுச் சாறு குடித்தார். அவருக்குப் பிரேசிலில் ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. அதற்காக ஊ என்று கத்தினார்கள். ஒரு மனிதன் என்ன குடிக்கிறான் என்பதற்கு இத்தனை ஆயிரம் பேர் கத்துவார்களா என்று எனக்கு அன்று சிரிப்பு வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது.

பலோவுக்கு விழுந்த கைதட்டல் ஹீலியோவுக்கு விழுந்ததைப் போல இல்லை என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். இந்த ஆண்டில் நடந்த ஆறு பந்தயங்களில் இது அவனுக்கு ஐந்தாவது வெற்றி. எப்போதும் இவனே வெல்கிறான் என்ற சலிப்பு பலருக்கு இருக்கிறது. இண்டிகார் தொடரின் சாம்பியன் பட்டத்தை மூன்று முறை வென்றவன், ஆனால் இதைப் போன்ற முட்டை வடிவ ஓவல் பாதையில் இதற்கு முன் ஒரு வெற்றிகூடக் கிடையாது, அதனால் அவனால் இங்கே முடியாது என்று ஆண்டுதோறும் சொல்லி வந்தவர்கள், இப்போது முன்னால் ஓடிய, சுற்றுக் கணக்கில் பின்தங்கிய கார்களின் காற்று மறைவில் ஒண்டிக்கொண்டு வந்துதான் வென்றான் என்று பேச்சை மாற்றிவிட்டார்கள். கடைசிச் சுற்றில் வேறொரு கார் மோதி, யாரும் யாரையும் தாண்டக் கூடாத மஞ்சள் கொடியின் கீழேயே பந்தயம் முடிந்தது, அதுவும் ஒரு குறையாயிற்று. ஆனால் அவன் காரிலிருந்து குதித்துக் கையுறையை வீசி எறிந்து, பந்தயப் பாதையில் குழந்தையைப் போல ஓடியதைப் பார்த்ததும் அவர்களும் கைதட்டினார்கள். பாட்டியம்மா தாளில் அவன் எண்ணைச் சுற்றி வட்டமிட்டு என்னிடம் காட்டினார்கள். ஸ்பெயினிலிருந்து வந்து இங்கே வென்ற முதல் ஆள் அவன். நீ முதலில் கண்டுகொண்டவன்.

எரிக்சனைப் பற்றித்தான் அதிகம் நினைக்கிறேன். 2022-ல் வென்றவன், 2023-ல் கடைசிச் சுற்றில் இழந்தவன், இப்போது பதினான்கு சுற்று மிச்சமிருக்க இழந்தவன். மறுநாள் காரைப் பரிசோதித்து, அனுமதியில்லாத மாற்றம் இருக்கிறது என்று சொல்லி அந்த இரண்டாம் இடத்தையும் பிடுங்கி 31-ஆம் இடத்தில் போட்டுவிட்டார்கள். ஓட்டியவன் அந்தப் பாகத்தைக் கையால் தொட்டிருப்பானா? தன் பிழை எவ்வளவு, பிறர் பிழை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. கடைசியில் எண் ஒன்றுதான் எழுதப்படுகிறது. அவன் வீட்டில் அவனுடைய அப்பா அன்று என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன்.

டயரைப் பார்க்கச் சொன்னேன் அல்லவா, மறந்துவிடாதே. 2023-ல் கைல் கிர்க்வுட் காரின் சக்கரம் ஒன்று பிய்த்துக்கொண்டு வேலிக்கு மேலே பறந்து, கேலரிகளுக்கு நடுவே தப்பிப் போய், வெளியே நிறுத்தியிருந்த ஒரு காரின்மேல் விழுந்தது. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! பேரிங் ஆலையில் இருபத்தாறு வருடம் தரச் சோதனை பார்த்தவன் சொல்கிறேன், சக்கரம் முன்கூட்டியே ஏதோ ஒரு சத்தம் கொடுக்கும். நாம்தான் பாட்டுப் போட்டுக்கொண்டு கேட்காமல் போகிறோம்.

டயர் என்றதும் 2005 வந்துவிடுகிறது. எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு முறை தாளை மடித்து வைத்தேன்.

அந்த ஆண்டு ஜூன் 19 அன்று இதே மைதானத்தில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு நான் டிக்கெட் வாங்கியது, மஞ்சள் கார் ஓட்டிய நம் கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயனுக்காக மட்டும்தான். உனக்கு ஒன்பது வயது. கைக்குட்டை அளவில் ஒரு மூவர்ணக் கொடி வாங்கி, கூலரின் மூடியில் இருக்கும் ஜிப் அறைக்குள் வைத்து எடுத்து வந்தேன். மிஷெலின் டயர்கள் இந்த வளைவின் சாய்வைத் தாங்காது என்று சொல்லி, முன்னோட்டச் சுற்று முடிந்ததும் அந்த டயர் பூட்டிய பதினான்கு கார்களும் பாதையை விட்டு பிட் என்ற பராமரிப்பு இடத்துக்குள் போய்விட்டன. மிச்சம் ஆறு. கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்த ஊளை இருக்கிறதே, அதைப் போல நான் அந்த மைதானத்தில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தண்ணீர் பாட்டில்கள் பாதையில் விழுந்தன. ஒரு பீர் டின் நம் வரிசையில் விழுந்து உன் செருப்பை நனைத்தது. பின்னாலிருந்தவர் டிக்கெட்டைச் சுக்குநூறாகக் கிழித்தார். பத்துச் சுற்று ஆவதற்குள் நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன். நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றான். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. வீட்டுக்கு வந்த பிறகு கணினியில் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

குழந்தை பயந்து அழுதாள், அதனால் பாதியில் வந்துவிட்டோம் என்று இருபது வருடங்களாகச் சொல்லி வருகிறேன். அத்தை வீட்டில் சொன்னேன், தமிழ்ச் சங்கத்தில் சொன்னேன், உன் கலியாண வரவேற்பில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சிரிக்கும்படி சொன்னேன். நீ மேடையில் புன்னகைத்துக்கொண்டு நின்றாய்.

நீ அழவில்லை, கயல். “அப்பா, மஞ்சள் கார் இன்னும் ஓடுது, இருப்போம்” என்றாய். இரண்டு முறை சொன்னாய். பயந்தவன் நான். அந்த ஆறு கார்களில் ஒன்றுக்கு ஒரு பழுப்பு நிற மனிதன் எழுந்து கைதட்டினால் இந்தக் கூட்டம் என்ன செய்யும் என்று பயந்தேன். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு மளிகைக் கடை வரிசையில்கூட எனக்கு அந்தப் பயம் இருந்தது, உன் அம்மாவுக்கும் தெரியாது. பின்னாலிருந்தவர் நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருடைய கோபம் டயர்க்காரர்கள்மேலும் பந்தயம் நடத்தியவர்கள்மேலும்தான். நாம் இறங்கும்போது உனக்கு வழிவிட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டார். அந்தக் கொடி இன்னும் அந்த ஜிப் அறைக்குள்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் கூலரைத் துடைக்கும்போது அந்த அறையை மட்டும் திறக்காமல் துடைக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்திருந்தும்தான், தீபாவளியன்று நீ தொலைபேசியில் எதையோ சொல்லத் தொடங்கியபோது, முழுவதும் கேட்காமல், “உனக்குச் சின்ன வயதிலிருந்தே பாதியில் எழுந்து வருகிற பழக்கம்” என்றேன். நீ பதில் சொல்லவில்லை. உன் பக்கத்தில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது, பிறகு இணைப்பு போயிற்று. நான் மறுபடி அழைக்கவில்லை. நீ அழைக்கட்டும் என்று ஏழு மாதம் இருந்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று கேட்க மாட்டேன். உன் அம்மாவும் கேட்க மாட்டாள். கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். உன் அறையில் நான் அடுக்கி வைத்திருந்த பழைய ரேஸ் புத்தகங்களையெல்லாம் அடித்தளத்துக்கு இறக்கிவிட்டேன், கட்டில் தெரிகிறது. அடுத்த ஆண்டுக்கான டிக்கெட் புதுப்பிப்பு வந்திருந்தது. வழக்கமான இரண்டு இருக்கைகளுக்கும் பணம் கட்டிவிட்டேன். அதற்காகத்தான் வர வேண்டும் என்றில்லை. மே மாதம்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

புறப்பட்டால் ஐ-70 சாலை நேராக இங்கே கொண்டுவந்து சேர்க்கும், ஆயிரம் மைலுக்கு மேல். ஒரே மூச்சில் ஓட்டாதே. கன்சாஸ் சமவெளியில் பக்கவாட்டுக் காற்று காரைத் தள்ளும், அங்கே இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடி. கன்சாஸ் சிட்டியில் இரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்பு. கிளம்பும் முன் நான்கு டயரிலும் காற்றைப் பார், ஸ்டெப்னியிலும் பார், அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

அன்புடன்,
அப்பா