டயர் வாங்குவதற்கு முன்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. மகள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. என் முதுகுவலி இப்போது தேவலை. போன மாதத்திலிருந்து மறுபடியும் மலைப்பாதைக்கு வண்டியை எடுக்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு 33 அங்குல உயர மட் டெரெய்ன் டயர், அதாவது சேற்றுக்கான டயர், போடப்போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. அதே அளவு டயரை, கியரைத் தொடாமல் போட்டு இரண்டு வருடம் ஓட்டியவன் நான்.

உன் வண்டியில் இப்போது இருப்பது 235/70 ஆர்16. உயரம் ஏறக்குறைய 735 மில்லிமீட்டர். 33 அங்குலம் என்றால் 838. ஒரு சுற்றுக்கு 14 சதவீதம் கூடுதல் தூரம் போகும். டிஃபரன்ஷியல், அதாவது ஆக்ஸில் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டி, அதன் விகிதம் 3.73 என்றால் ஷாஃப்ட் 3.73 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். பெரிய டயரில் அந்த 3.73 இருந்தாலும் வண்டி 3.27 போல நடந்துகொள்ளும். எனக்கு ஐந்தாவது கியர் பேருக்குத்தான் இருந்தது. மேட்டில் கிளட்ச்சைப் பாதி பிடித்தே ஏற்றினேன். கடைசியில் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தபோது ஃப்ளைவீலில் அங்கங்கே நீலம் பாரித்த திட்டுகள். அவ்வளவு சூடு.

ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பயம் காட்டியது இறக்கம். லோ ரேஞ்சில், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கூடுதல் கியரில், முதல் கியர் போட்டு, பிரேக்கில் கால் வைக்காமல் இன்ஜினை நம்பி இறங்குவோமே, அந்தப் பிடி குறைந்துவிட்டது. முதல் கியர் 4, லோ ரேஞ்ச் 2.5, டிஃபரன்ஷியல் 3.73 என்று வைத்துக்கொள். மூன்றையும் பெருக்கினால் 37, அதாவது இன்ஜின் 37 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. பெரிய டயரில் அது 33 போல ஆகிவிடும். வண்டி தள்ளிக்கொண்டே போகும், பிரேக்கை மிதிப்போம், சரளையில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

33 அங்குலம்தான் வேண்டும் என்றால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கர ஜோடியை 4.27 பக்கம் மாற்று. முன், பின் இரண்டையும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி ஃபோர் வீலில் போட்டால், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும்.

நீ மாதத்தில் ஒரு ஞாயிறுதான் மலைக்குப் போகிறாய். மற்ற நாளெல்லாம் தார் ரோடு. அதனால் நான் சொல்வது 245/75 ஆர்16, ஆல் டெரெய்ன், அதாவது தாருக்கும் கரடுமுரடுக்கும் பொதுவான டயர். உயரம் 774, ஐந்து சதவீதம்தான் கூடும், கியரைத் தொட வேண்டாம். மட் டெரெய்னின் பெரிய பட்டன், அதாவது டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டை, சேற்றை உதறிவிடும், உண்மை. ஆனால் நனைந்த தாரில் தண்ணீரை வெட்டுவது பட்டன் மேலே இருக்கும் மெல்லிய கீறல்கள். அவை அதில் குறைவு. ஒரு மழை நாளில் வளைவுக்கு முன்னால் பிரேக் போட்டேன், வண்டி நிற்கவே இல்லை. எதிரே யாரும் வரவில்லை, தப்பித்தேன். இனி அந்த வண்டியை உன் மகளும் ஓட்டுவாள், அதையும் யோசி.

டயரை 39 மில்லிமீட்டர் உயர்த்தினாலும் ஆக்ஸில் அதில் பாதிதான் உயரும். காற்றைக் குறைப்பதில்தான் நிஜமான பலன். ரோட்டில் 32 பிஎஸ்ஐ பிடிப்பாய் என்றால் கரடுமுரடில் 20க்கு இறக்கு. டயர் நீளவாக்கில் படிந்து கல்லைக் கவ்வும். அப்போது மெதுவாகப் போ, தாருக்கு ஏறும் முன் மறுபடி பிடித்துவிடு. மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல கம்ப்ரஸர் வாங்கு. ஸ்டெப்னியும் அதே அளவு இருக்கட்டும்.

அப்புறம், உன் வண்டி பழையது. முன்பு வைத்திருந்தவர் கியரை மாற்றியிருக்கலாம். எண்ணிப் பார்த்துவிடு. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடு, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து, நியூட்ரலில் வை, ஹேண்ட் பிரேக்கை விடு. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடு. இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்து ஒரே ஒரு சுற்று சுற்றச் சொல்லிவிட்டு, கோடு எத்தனை முறை வருகிறது என்று பார். மூன்றே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 3.73 சரி. நாலைத் தாண்டினால் கணக்கு வேறு. பெரிய டயரைப் பற்றி அப்போது பேசலாம். எண்ணிவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்