மாலை நேரத்தில் ஆய்வு செய்து சோற்றை மாதிரி எடுக்க வேண்டும்: சீன உணவகம் ஒன்றைக் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் மற்றும் அதே தெருவில் குடியிருக்கும் குடும்பத்தினர்,
திருச்சிராப்பள்ளி மாநகர்.
(பெயர், முகவரி, கையொப்பம் ஆகியவை தனித்தாளில்)

பெறுநர்:
மாவட்ட நியமன அலுவலர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்பு மற்றும் மருந்து நிர்வாகத் துறை,
திருச்சிராப்பள்ளி.

நாள்: 10.11.2025

பொருள்: எங்கள் பகுதியில் இயங்கும் சீன உணவகத்தில் சமைத்த சோறு பல மணி நேரம் வெளியில் வைக்கப்படுவது, சைவ உணவில் சிப்பிச் சாறு கலந்த சாஸ் சேர்க்கப்படுவது, உணவில் செயற்கை நிறம் கலக்கப்படுவதாக எழும் ஐயம் ஆகியவை குறித்து மாலை நேரத்தில் ஆய்வு நடத்தி நடவடிக்கை எடுக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் தெருவின் முனையில் சில ஆண்டுகளாக ஒரு சீன உணவகம் நடந்துவருகிறது. அதன் பெயரையும் முகவரியையும் இம்மனுவில் வெளிப்படையாக எழுதாமல், தங்கள் அலுவலகப் பார்வைக்கென மூடிய உறையில் இணைத்துள்ளோம். குற்றம் உறுதியாவதற்கு முன் ஒருவருடைய தொழிலுக்குக் கெட்ட பெயர் உண்டாக்குவது எங்கள் நோக்கமன்று. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தேர்வு முடிந்தாலும் பிறந்தநாள் வந்தாலும் முதலில் கேட்பது அந்தக் கடையின் நூடுல்ஸைத்தான். கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்களின் கைப்பக்குவத்தில் வேரூன்றி, நம் நாட்டு மிளகாயும் பூண்டும் சேர்ந்து வளர்ந்த இந்தச் சமையலின் மீது எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை. சீன உணவு என்றாலே கெடுதல் என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவோரோடு நாங்கள் உடன்படவும் இல்லை. அஜினோமோட்டோ என்று எல்லோரும் சொல்லும் மோனோசோடியம் குளூட்டமேட் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட சேர்மானம் என்பதை அறிவோம். அதைப் பற்றி இம்மனுவில் புகார் ஏதும் இல்லை.

எங்கள் முதன்மையான கவலை சோற்றைப் பற்றியது.

கடந்த 2.11.2025 ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரை மணியளவில், என் பேரனின் பிறந்தநாளை முன்னிட்டு நாங்கள் ஆறு பேர் அந்த உணவகத்தில் சாப்பிட்டோம். நால்வர் முட்டை ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டனர். நானும் என் மனைவியும் நூடுல்ஸ் மட்டும் எடுத்துக்கொண்டோம். இரவு பத்து மணிக்குள், ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்ட நால்வருக்கும் அடுத்தடுத்து வாந்தி தொடங்கியது. ஒன்பது வயதுப் பேரன் நள்ளிரவுக்குள் ஏழு முறை வாந்தி எடுத்துத் துவண்டுபோனதால், அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே அவனுக்குச் சிரைவழி நீர்மம் ஏற்றப்பட்டது. நூடுல்ஸ் சாப்பிட்ட எங்கள் இருவருக்கும் எதுவும் நேரவில்லை. மறுநாள் தெருவில் பேசியபோது, அதே இரவில் அதே உணவகத்திலிருந்து ஃப்ரைடு ரைஸ் வாங்கிச் சென்ற மற்றொரு குடும்பத்திலும் இருவருக்கு இதே நிலை ஏற்பட்டது தெரியவந்தது. வீட்டில் மீந்திருந்த பொட்டலத்தை ஆதாரமாக வைத்திருக்க வேண்டியவர்கள், அந்தப் பதற்றத்தில் அதைக் குப்பையில் கொட்டிவிட்டார்கள். ஆகவே ஆய்வகத்துக்குக் கொடுக்கக்கூடிய பொருள் எங்கள் கையில் இல்லை என்பதை ஒளிவுமறைவின்றித் தெரிவித்துக்கொள்கிறோம்.

ஆனால் எங்கள் கண்ணால் கண்டது இருக்கிறது. அந்த உணவகத்தின் பின்கட்டு எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து நன்றாகத் தெரியும். காலை பதினொரு மணிக்கு அங்கே சோறு வடித்து, மூன்று பெரிய அலுமினிய அன்னக்கூடைகளில் கொட்டி, ஈரத்துணி போட்டு மூடி, சுவரோரம் வரிசையாக வைக்கிறார்கள். நண்பகல் வியாபாரத்தில் ஒன்று காலியாகிறது. மற்ற இரண்டும் வெயில் ஏறி இறங்கும் வரை அதே இடத்தில் இருந்து, மாலை ஏழு மணிக்கு மேல் ஒவ்வொன்றாக உள்ளே போகின்றன. மேற்படி சம்பவத்துக்குப் பிறகு 4.11.2025 முதல் 8.11.2025 வரை ஐந்து நாட்கள் நேரம் குறித்துவைத்துக் கவனித்தேன். ஐந்து நாட்களும் இதே நடைமுறைதான். நான்காம் நாள் மாலை, துணியின் மேல் பூனை ஒன்று படுத்திருந்ததையும் கண்டேன்.

ஃப்ரைடு ரைஸுக்குச் சோறு ஆறியிருக்க வேண்டும் என்பது உண்மையே. சூடான சோற்றை வாணலியில் போட்டால் பருக்கை பருக்கையாக உதிராமல் குழைந்துவிடும் என்பதால், முன்கூட்டியே வடித்து ஆறவைப்பது இந்தச் சமையலின் முறை. ஆறவைத்ததில் குற்றமில்லை, ஆறிய சோறு உடனே குளிர்பெட்டிக்குள் போகாததே குற்றம். அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சோறு கொதிக்கும் சூட்டிலும் சாவதில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் சோறு மணிக்கணக்கில் இருக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு வெப்பத்தால் அழிவதில்லை. வாணலியில் எத்தனை தீயில் புரட்டினாலும் அது சோற்றிலேயே தங்கிவிடும். சாப்பிட்ட ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியாக வெளிப்படும். எங்கள் வீட்டில் நடந்ததும் இந்தக் கால அளவுக்குள்தான். முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு எழும் வலுவான ஐயம் இது. உறுதி செய்ய வேண்டியது ஆய்வகமே.

மறுநாள் இதை மேலாளரிடம் எடுத்துச் சொன்னபோது, "நாமெல்லாம் பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவங்கதானே சார், இதுல என்ன வந்துச்சு?" என்று கேட்டார். அந்தப் பதில் என்னை மிகவும் வருத்தியது. பழைய சோறு தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்த உணவு. அதில் ஊறும் புளிப்பே மற்ற கிருமிகள் பெருகாமல் கட்டுப்படுத்துகிறது. தண்ணீர் இல்லாமல், புளிப்பும் இல்லாமல், ஈரத்துணிக்கடியில் வெதுவெதுப்பாக எட்டு மணி நேரம் கிடந்த சோற்றை அதனோடு ஒப்பிடுவது நம் வீட்டுப் பெரியவர்களின் அறிவையே கொச்சைப்படுத்துவதாகும்.

அடுத்தது, சைவ உணவு குறித்த புகார். புரட்டாசி மாதத்தில் அசைவத்தைத் தவிர்க்கும் குடும்பங்கள் எங்கள் தெருவில் மிகுதி. அந்த மாதச் சனிக்கிழமை ஒன்றில், எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார் தம் 78 வயது மாமியாருக்காக இங்கிருந்து காய்கறி நூடுல்ஸ் வாங்கினார். உணவுப் பட்டியலில் அதன் எதிரே பச்சைப் புள்ளி அச்சிடப்பட்டிருக்கிறது. பொட்டலத்தைப் பிரித்ததும் வழக்கமில்லாத வாடை வரவே, அவர் கடைக்குத் திரும்பிச் சென்று எந்த சாஸ் ஊற்றினீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடுப்படியில் நின்ற இளைஞர் எதையும் மறைக்காமல் பாட்டிலை எடுத்துக் காட்டினார். அது ஆய்ஸ்டர் சாஸ். அதன் சேர்மானப் பட்டியலில் சிப்பிச் சாறு என்று தெளிவாகவே குறிப்பிடப்பட்டிருந்தது. சைவத்துக்கும் அசைவத்துக்கும் ஒரே வாணலி, ஒரே கரண்டி, ஒரே சாஸ் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் அந்தப் பாட்டி இரண்டு வாய் சாப்பிட்டிருந்தார். விவரம் தெரிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு, மறுநாள் முழுவதும் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடவில்லை. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்துவந்த ஒரு நியமத்தைத் தம் அனுமதியின்றிப் பிறர் உடைத்துவிட்டார்கள் என்று அவர் அழுதது அந்த வீட்டாரால் மறக்க முடியாதது. உணவகத்தார் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் பட்டியலில் பச்சைப் புள்ளி இன்றும் அப்படியே இருக்கிறது. சமய நியமம் ஒருபுறம் இருக்க, கடல் உணவு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவே உயிருக்கு ஆபத்தாக முடியலாம் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

மூன்றாவதாக, நிறம். இங்கே வாங்கிய கோபி மஞ்சூரியனைக் கையால் எடுத்துச் சாப்பிட்டபின் சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரல் நுனியில் சிவப்பு போவதில்லை. பொட்டலம் வைத்த வெள்ளைத் துண்டில் படிந்த கறை இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. மிளகாய்த் தூளின் நிறம் இப்படிப் பிடிக்காது. கர்நாடக அரசு 2024 மார்ச் மாதத்தில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தபோது, அங்கே சோதித்த 171 மாதிரிகளில் 107 மாதிரிகளில் பாதுகாப்பற்ற செயற்கை நிறம் இருந்ததாக அறிவித்தது. அதற்கு முந்தைய மாதமே ரோடமைன் பி என்னும் துணிச் சாயம் கலந்த பஞ்சுமிட்டாயின் விற்பனையைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. பஞ்சுமிட்டாயில் காட்டிய அதே முனைப்பைத் தங்கள் துறை இந்தச் சிவப்புக் காலிஃபிளவரிலும் காட்ட வேண்டும் என்று கேட்கிறோம். பொரிக்கும் எண்ணெயும் கறுத்துக் கெட்டியாக இருப்பதால், மீண்டும் மீண்டும் சூடாக்கும் எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருட்களான மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்புக்குள் அது இருக்கிறதா என்பதையும் கருவி கொண்டு அளந்து பார்க்க வேண்டுகிறோம்.

ரசீதைப் பொறுத்தவரை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் அதில் அச்சிடப்படவில்லை. கேட்டால் சுவரில் மாட்டியிருப்பதாகச் சொல்கிறார்கள். சுவரில் அப்படி ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை. கேட்காமலே சேவைக் கட்டணம் சேர்ப்பது குறித்து நுகர்வோர் ஆணையத்துக்குத் தனியே எழுதுகிறோம்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் டார்ஜிலிங் பகுதியிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த இருபது, இருபத்திரண்டு வயது இளைஞர்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கி இரவு பதினொரு மணி வரை அடுப்பின் முன் நின்றுவிட்டு, அதே பின்கட்டில் அன்னக்கூடைகளுக்கு அருகிலேயே பாய் விரித்துப் படுக்கிறார்கள். சாஸ் பாட்டிலை மறைக்காமல் காட்டியவரும் அவர்களில் ஒருவரே. பரிமாறுவதில் அவர்கள் ஒருநாளும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. குளிர்பெட்டி வாங்கித் தராததும், தனி வாணலி வைக்காததும், தங்க இடம் கொடுக்காததும் உரிமையாளரின் பொறுப்பு. தங்கள் நடவடிக்கையின் பாரம் அந்த இளைஞர்களின் தலையில் விழாமல், உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் மீதே அமைய வேண்டும் என்பது எங்கள் அனைவரின் விருப்பம்.

ஆகவே, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006 தங்களுக்கு அளித்துள்ள அதிகாரத்தின்படி, அந்த உணவகத்தை முன்னறிவிப்பின்றி மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் ஆய்வு செய்யுமாறு வேண்டுகிறோம். காலையில் வந்தால் கழுவிய தரையையும் அப்போதுதான் வடித்த சோற்றையும் மட்டுமே காண முடியும். நாங்கள் குறிப்பிடும் குறை மாலையில்தான் கண்ணுக்குத் தெரியும். பின்கட்டில் இருக்கும் சோற்றின் வெப்பநிலையை அங்கேயே அளந்து, அதிலிருந்து மாதிரி எடுத்து, குளிர்நிலையில் அனுப்பி நுண்ணுயிர் ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும். கோபி மஞ்சூரியனையும் அதற்குப் பயன்படும் நிறப்பொடியையும் பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டும். பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை அளிக்க வேண்டும் என்று சட்டத்தின் 46ஆம் பிரிவு கூறுவதால், அதன் முடிவை எங்களுக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

குறைகள் உறுதியானால், 32ஆம் பிரிவின்படி முன்னேற்ற அறிவிப்பு வழங்கி, சோற்றுக்கெனப் போதிய குளிர்பெட்டி, சைவத்துக்குத் தனி வாணலியும் தனி சாஸும், உண்மைக்கு மாறான பச்சைப் புள்ளிகளை நீக்கிய புதிய பட்டியல் ஆகியவற்றைக் குறிப்பிட்ட நாளுக்குள் செய்து முடிக்க உத்தரவிட வேண்டும். பணியாளர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்தவும், அவர்களுக்குப் புரியும் இந்தியிலோ நேபாளியிலோ உணவுப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். கடையை மூடிவிட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. பேரன் இன்னும் அந்தக் கடை நூடுல்ஸைத்தான் கேட்கிறான்.

ஆய்வுக்கு வரும் அலுவலர் விரும்பினால் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பின்கட்டைப் பார்வையிடலாம். எந்த நாளானாலும் மாலை ஐந்து மணிக்கு மேல் நான் வீட்டில் இருப்பேன். 2.11.2025 அன்றைய ரசீது, மருத்துவமனைச் சீட்டின் நகல், ஐந்து நாட்கள் நேரத்துடன் எடுத்த ஒளிப்படங்கள், சாஸ் பாட்டிலின் ஒளிப்படம், 22 குடும்பத்தினரின் கையொப்பத்தாள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளோம். இம்மனுவின் நகல் ஒன்று இன்றைய மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களிடமும் அளிக்கப்படுகிறது.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்
மற்றும் தெருவாசிகள்